ஐவியின் நடை

லீட்ஸ் நகரத்துக் குளிரில் முப்பது வருஷம் நர்ஸாக வேலை பார்த்த ஆக்னஸுக்கு, ஓய்வு பெற்ற கையோடு இரண்டு முழங்காலிலும் மூட்டுவாதம் வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் கட்டிலை விட்டு இறங்குவதே பெரும்பாடு. கொஞ்ச நாள் வெயிலில் இருந்துவிட்டு வரலாம் என்றுதான் 2010 ஜனவரியில் ஹைதராபாத் வந்தாள். லாலாகுடாவில் அவள் பிறந்து வளர்ந்த வீட்டில் இப்போது தங்கை மகன் கலேப் மட்டும் இருந்தான். தங்கை ஐவி போன ஆகஸ்டில் இறந்துவிட்டாள். அடக்கத்துக்கு ஆக்னஸால் வர முடியவில்லை.

கலேப் ஹைடெக் சிட்டியில் வேலை பார்க்கிறவன். லீவு நாளில் காரில் ஊரைச் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னான். "நடக்கறது நக்கோ, வேணாம் பெரியம்மா, கால் வீங்கிடும்."

அவள் கேட்கவில்லை. மறுநாள் அவன் ஆபீசுக்குக் கிளம்பியதும், தன்னுடைய ஷூ கனமாக இருக்கிறதென்று ஐவியின் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். வெயில் முதுகில் இதமாக விழுந்தது. ரயில்வே ஒர்க்‌ஷாப் மதிலோரமாகக் கொஞ்ச தூரம் போவதற்குள் முட்டி இளகிவிட்டது. இடது கால் மட்டும் லேசாக இழுத்தது. இன்னும் போகலாம், இன்னும் போகலாம் என்றிருந்தது அவளுக்கு.

திருப்பத்து வீட்டு வாசலில் சந்தானம் உட்கார்ந்திருந்தார். அந்த ஒர்க்‌ஷாப்பில் ஆக்னஸின் அப்பாவிடம் வேலை கற்றுக்கொண்டவர். நாக்பூரில் மகள் வீட்டில் ஏழெட்டு மாதம் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். இப்போது பார்வை சுத்தமாகப் போய்விட்டது என்று கலேப் சொல்லியிருந்தான்.

"ஐவியா?" என்றார். "கால இழுத்துக்கிட்டு வர்ற சத்தம் கேட்டுதே. எங்க, ஆளையே காணோம்?"

ஆக்னஸ் இல்லையென்று சொல்லத்தான் வாயெடுத்தாள். "ஆமாண்ணே" என்று வந்துவிட்டது.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். அவர் ஐவி என்று கூப்பிட, இவள் ம் கொட்டிக்கொண்டு கடந்து போவாள். தெருநாய் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தது. அவளுக்குத் தெரியாத சந்துகளிலும் கால் தானாகத் திரும்பியது. நடக்க நடக்க வலி குறைந்தது. வலி குறையக் குறைய, இந்தச் சுகம் தனக்குரியதுதானா என்ற பயம் கூடியது. ஆனாலும் விடிந்தால் நடக்காமல் இருக்க முடியவில்லை.

சங்கராந்தி கழிந்து ஒரு காலையில் சந்தானம் அவளை நிறுத்தினார்.

"ஆக்னஸ் வந்துட்டாளா? அவ வந்தா ரெண்டு பேருமா மௌலாலி மலை ஏறணும்னு சொல்லுவியே. அதுக்குத்தான இந்த முட்டிய வச்சிக்கிட்டு தெனம் நடந்து பழகுன?"

ஆக்னஸ் கேட்டைப் பிடித்துக்கொண்டாள். இது அவளுக்கு யாரும் சொல்லாத சேதி.

"அண்ணே, நான்தான் ஆக்னஸ். ஐவி ஆகஸ்ட்லயே போயிட்டா."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எப்படி, என்ன உடம்புக்கு என்று மெதுவாக விசாரித்தார். மாரடைப்பு, தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"இன்னொரு தரம் நடக்கிறியாம்மா?"

அவள் மதில் முனை வரை போய்த் திரும்பினாள். தலையைக் குனிந்து அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும், கலேப் அவளை மௌலாலி மலையடிவாரத்தில் இறக்கிவிட்டான். கூட வருகிறேன் என்றவனைக் காரிலேயே இருக்கச் சொன்னாள். பக்கத்துப் பாறையில் கை ஊன்றிப் படியேறினாள். பாறை சூடாக இருந்தது. முட்டி வலிக்கவே இல்லை. பாதியில் மூச்சு வாங்கி நின்றாள்.

அவள் நின்ற பிறகும், காலை இழுத்து வரும் செருப்புச் சத்தம் பின்னால் இன்னும் ஒரு படி ஏறி வந்து நின்றது.

ஆக்னஸ் திரும்பிப் பார்க்கவில்லை. சற்று ஒதுங்கி, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு, மேலே ஏறினாள்.