ராகு காலமும் ஒன்பது முட்டைகளும்

எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியாது. சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. ரப்பர் பாலில் எந்த மருந்து, எவ்வளவு, கடைசியில் அது கையுறையில் மிஞ்சுகிறதா என்று நாள் முழுக்க நோண்டுவதற்கே எனக்குச் சம்பளம். அந்தப் புத்தியோடுதான் ஈப்போவில் குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கும் போனேன். "நீ பேஷண்டா, போலீஸா?" என்று வீட்டுக்காரர் கிண்டலடிப்பார்.

முதல் சுற்றில் என்னிடமிருந்து ஒன்பது முட்டைகள் எடுத்தார்கள். இரண்டுதான் முதிர்ந்தவை, மற்ற ஏழும் பிஞ்சு. அந்த இரண்டும் கருவாகி மூன்றாம் நாளே நின்றுபோயின. எனக்கு முப்பத்தொன்பது வயது. இன்னும் ஒரே ஒரு சுற்று, அதோடு போதும் என்று இருவரும் பேசி வைத்திருந்தோம்.

இரண்டு வாரம் கழித்து டாக்டரைப் பார்த்தோம். ஐம்பதைத் தாண்டிய தமிழ் அம்மா, எதற்கும் அவசரப்படாதவர்.

"அடுத்த தடவையும் பிஞ்சா வந்தா, லேப்ல ஒரு நாள் தட்டுல வச்சு முதிர வைக்கப் பாக்கலாம். முட்டை கிடக்குற கரைசல்ல ஒரு சேர்மானம் போடுவோம். உடம்புக்குள்ள முட்டை முதிர உதவுற சாமான்தான் அதுவும்" என்றார்.

அட, நம்ம வேலை மாதிரியே இருக்கிறதே! நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

"முதிர்ந்ததும் அதக் கழுவிடுவீங்களா, டாக்டர்?"

"கழுவிட்டுத்தான் விந்தணு சேர்ப்போம்."

"வெளிய கழுவிடுறீங்க, சரி. உள்ள போனது?"

டாக்டர் சிரித்துவிட்டார். "இத யாரும் எங்கிட்ட கேட்டதில்ல. முழுசா யாருக்கும் தெரியாதும்மா. கூடுதலா முட்டை முதிருதுன்னு சில பேர் சொல்றாங்க. ஆனா முதிர்ற முட்டையெல்லாம் பிள்ளையாகாது. இந்த வழியில பொறந்த பிள்ளைங்க நல்லாத்தான் இருக்காங்க. ஆனா இன்னும் சின்னப் பிள்ளைங்க. நாப்பது வயசுல எப்படி இருப்பாங்கன்னு நான் எப்படிச் சொல்றது?"

தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற அந்த அம்மாவை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இன்னும் பத்துக் கேள்வி வைத்திருந்தேன். அதற்குள் அவர் என் கோப்பைப் புரட்டி, "அந்தக் கடைசி ஊசி ஏழு மணிக்குத்தானே போட்டீங்க?" என்று கேட்டார்.

"ஆமா டாக்டர், ஏழு" என்றார் வீட்டுக்காரர், சட்டென்று.

ஏழு இல்லை. முட்டையை முதிர வைக்கிற ஊசி அது. ஞாயிறு மாலை சரியாக ஏழு மணிக்குப் போட வேண்டும், சரியாக முப்பத்தாறு மணி நேரம் கழித்து, செவ்வாய் காலை ஏழுக்கு முட்டையை எடுப்பார்கள். என்னை நானே குத்திக்கொள்ளக் கை வராது. தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையிலிருந்து வாரக் கடைசியில் வருகிற அவர்தான் போட்டுவிடுவார். அன்று ஐஸ்பெட்டியிலிருந்து ஊசியை எடுத்தவர் நாள்காட்டியைப் பார்த்துவிட்டார். அதில் ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. ஆனால் அது இந்தியக் கணக்கு, இங்கே மலேசியாவில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் உதிக்கிறது, அதனால் எல்லாம் ஒன்றரை மணி தள்ளிப்போகும் என்பது அவர் வாதம்.

"புள்ள விஷயம்லா. ஏழரை தாண்டட்டும்" என்றார். ஏழரை தாண்டி, விளக்கேற்றி, சாமி கும்பிட்டு, ஊசி இறங்கும்போது எட்டேகால். தொழிற்சாலையில் ஒரு நிமிஷம் பிந்தினாலும் கத்துகிற நான் வாயே திறக்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். கிளினிக் அட்டையில் ஏழு என்று எழுதியதும் நான்தான்.

டாக்டர் பேனாவைத் திறந்தார். இப்போது பேசாமலிருந்தால், நிச்சயமாகத் தேவை என்று யாருக்கும் தெரியாத ஒன்று என் பிள்ளைக்குள் போகும்.

"எட்டேகால், டாக்டர். ராகு காலம்னு பிந்திட்டோம்."

அவர் திட்டவில்லை. பேனாவை மூடினார். "நல்லவேளை சொன்னீங்க. உங்க முட்டைதான் சரியில்லன்னு எழுதப் போனேன். ஒன்னேகால் மணி நேரந்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். சிலருக்கு ஒன்னும் ஆகாது. ஆனா அடுத்த சுற்றுல எதுவும் சேர்க்க வேணாம். நேரத்துக்கு ஊசி போடுங்க, பாப்போம்."

காரில் ஏறியதும், "என்னைக் காட்டிக் குடுத்துட்டியே" என்றார் வீட்டுக்காரர்.

"அட்டையில எழுதினது யாரு? நம்ம ரெண்டு பேரையுந்தான் காட்டிக் குடுத்தேன்" என்றேன்.

அடுத்த சுற்றில் கைப்பேசியில் மூன்று அலாரம் வைத்து, சொன்ன நிமிஷத்தில் ஊசி போட்டார். எட்டு முட்டைகள் எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து நான் உட்கார்ந்திருந்தபோது லேப்பிலிருந்து ஒரு பெண் வந்து, "எட்டுல ஆறு முதிர்ந்திருக்கு, அக்கா" என்றாள். எதையும் சேர்க்காமலேயே ஆறு! எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. திரும்பினால், அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறார்.

"அப்ப போன தடவ நான்தான் கெடுத்தேன். அந்த ஏழு முட்டையும் என்னாலதான் போச்சு."

அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு தடவ நடந்தத வச்சு எதையும் முடிவு பண்ண முடியாதுலா. போன மாசம் உடம்பு வேற, இந்த மாசம் வேற. வேற எதுவாவும் இருக்கலாம்."

அவர் நம்பவில்லை. நானும்தான். ஆனாலும் வீடு போய்ச் சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.