சக்கரத்தில் இறுகிய சந்தனம்

அந்தக் கடிதம் இன்னும் என் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. கீழே கையெழுத்துப் போடும் இடம் காலி. நான் போடவில்லை. போடவும் மாட்டேன்.

வேங்கிக்காலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாகப் பெருக்கித் துடைக்கிறேன். எல்லோருக்கும் நான் ஆயாம்மா. ரெண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு சாக்பீஸ் துண்டு என் மடியில் வீட்டுக்குப் போனதில்லை. நான் கை வைத்து ஒரு சாமான் கெட்டது என்று யாரும் சொன்னதும் இல்லை. போன வருஷம் ஆயுத பூஜை வரைக்கும்.

ரோபோ போட்டிக்கென்று ஒரு பெரிய நீலப் பெட்டி பள்ளிக்கூடத்துக்கு வந்தது. மோட்டார், சக்கரம், பல்சக்கரம், கம்பி, திருகாணி எல்லாம் அறை அறையாக அதற்குள் இருந்தன. அவற்றைச் சேர்த்து ஒரு வண்டி செய்ய வேண்டும். அது தானாக ஓடி, தரையில் கிடக்கும் வளையங்களைத் தூக்கிக் கம்பத்தில் மாட்ட வேண்டும். அதுதான் போட்டி. ஒன்பதாம் வகுப்பிலிருந்து மூன்று பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அறிவியல் சார் பொறுப்பு. அறையைப் பூட்டுவதும் திறப்பதும் நான்.

சாருக்குத் தெரிந்த சாமான்கள் பெட்டியில் இருந்தன. தெரியாதவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போடச் சொன்னார்.

"இதெல்லாம் எக்ஸ்ட்ரா. யாரும் கைய வைக்காதீங்க. இன்ஸ்பெக்ஷன் வந்தா அப்படியே காட்டணும்."

புரியாத சாமானுக்கு எக்ஸ்ட்ரா என்று பேர் வைத்துவிட்டால் வேலை முடிந்தது! எனக்கு அப்போதே எரிச்சல்தான். செய்தவன் கிறுக்கனா? வேலை இல்லாத சாமானை எதற்குச் செய்து, எதற்குப் பெட்டியில் வைத்து அனுப்புகிறான்?

பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. வண்டி செய்தார்கள். வண்டியின் கை வளையத்தைத் தூக்கும். மோட்டார் நின்றதும் தொப்பென்று விழும். மூன்று நாள் இதே கதை. சார் இல்லாத ஒரு மத்தியானம் டின்னைத் திறந்து, புழு நெளிகிற மாதிரிப் பல் சுற்றியிருந்த ஒரு துண்டை எடுத்து மாட்டினார்கள். தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. மோட்டார் அந்தப் புழுவைச் சுற்றலாம், கையின் கனத்தால் அதைத் திருப்பிச் சுற்ற முடியாது. திருகு வைத்த ஒரு வளையம் இருந்தது. மோதிரம் போலப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதை அச்சுக் கம்பியில் இறுக்கினால் சக்கரம் இப்படி அப்படி நகராது என்று அதையும் கண்டுபிடித்தார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஒரு சக்கரம். அதன் விளிம்பைச் சுற்றிக் குட்டிக் குட்டி உருளைகள். சக்கரம் முன்னால் ஓடும். உருளைகள் பக்கவாட்டில் ஓடும். பழைய சக்கரத்தோடு வண்டி திரும்பும்போது பின்பக்கம் தரையைத் தேய்த்துக்கொண்டு உதறும். அடி அண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் வரும் பெண்தான் இதை எடுத்தாள்.

"ஆயாம்மா, செங்கம் ரோட்டுல ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளைக்காரங்க ஒரு பெட்டி இழுத்துக்கினு போவாங்களே, எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் போவுமே. இது அந்த மாதிரி."

"மாட்டித்தான் பாரேன். உன்ன யாரு புடிச்சிக்கினு இருக்காங்க?"

பின்னால் ரெண்டு மாட்டினாள். வண்டி நின்ற இடத்திலேயே வழுக்கிக்கொண்டு திரும்பியது. மூன்று பேரும் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து திட்டிவிட்டுப் போனார். மறுநாள் வண்டி ஓடுவதைப் பார்த்த சார், டின்னைத் திறந்ததைக் கண்டுகொள்ளவில்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது. நானும் என் துடைப்பத்துக்கும் பக்கெட்டுக்கும் பொட்டு வைக்கிறவள்தான். பூஜையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் சார் ஒரு கிண்ணம் நிறையச் சந்தனத்தைத் தண்ணியாகக் கரைத்துக்கொண்டு வந்து, வண்டியை மணையில் வைத்து, சக்கரம் சக்கரமாகப் பூசிக் குங்குமம் வைக்க ஆரம்பித்தார். போட்டோ எடுக்க ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"சார், அந்த உருளைங்களுக்கு வேணாம். உள்ள போயி இறுகிடும்."

வீட்டில் என் தையல் மிஷினுக்கு ஒரு வருஷம் அப்படித்தான் ஆனது. பாபின் பக்கம் சந்தனம் இறங்கி, காய்ந்து, மூன்று நாள் சக்கரம் அசையவில்லை. பட்டதைத்தான் சொன்னேன்.

சார் போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "ஆயாம்மா இன்ஜினியரிங் முடிச்சிட்டு வந்திருக்காங்க போல. நீங்க சுண்டல் குடுக்குற வேலையப் பாருங்க."

பிள்ளைகளும் சிரித்தார்கள். அந்த அடி அண்ணாமலைப் பெண்ணும்தான். நான் சுண்டல் கொடுத்தேன். அறையைப் பூட்டினேன். நாலு நாள் லீவு.

திங்கட்கிழமை திறந்தேன். புதன்கிழமை போட்டி. வண்டியை ஓட விட்டால் நேராகப் போனது. திரும்பச் சொன்னால் பின்பக்கம் தரையோடு மல்லுக்கட்டி நின்றது. மேலே ஒட்டிய சந்தனத்தைப் பிள்ளைகள் முதலிலேயே துணியால் துடைத்துவிட்டதால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. சார் சக்கரத்தைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஈரத்துணி போட்டுத் துடைச்சீங்களா?"

"நான் இன்னாத்துக்கு சார் ஈரத்துணி போடறேன்? மோட்டார் இருக்குற எடம்னு தண்ணியே கொண்டு போறதில்ல. காஞ்ச பிரஷ்லதான் தூசி தட்டறேன்."

"துரு புடிச்சி இறுகியிருக்குது. சாவி உங்ககிட்டதான இருந்திச்சி?"

பத்து மணிக்குத் தலைமையாசிரியை அம்மா கூப்பிட்டார். மேஜை மேல் என் பேரில் எழுதிய ஒரு தாள். பக்கத்தில் சார். சுவரோரம் மூன்று பெண்கள், கையில் வண்டி. புதுச் சக்கரம் வெளியூரிலிருந்து வர வேண்டும், அதற்குள் போட்டி முடிந்துவிடும், பள்ளிக்கூடக் கமிட்டிக்குப் பதில் சொல்ல வேண்டும், அதனால் ஆயாம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் போதும். அப்படிச் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டால் அந்த அறைச் சாவி என் கையைவிட்டுப் போகும். அது போகட்டும். பத்தொன்பது வருஷத்துப் பேர் போகுமே!

"அந்தக் கோட்டு மேல போடுங்க," என்று சார் பேனாவை நீட்டினார்.

"படிக்கணும்."

"நான் படிச்சிச் சொல்றேன் குடுங்க."

"நீங்க எழுதினது உங்களுக்குத் தெரியும் சார். நான்தான் படிக்கணும்."

உட்கார்ந்தேன். அந்த ரூமில் இதுவரை நான் உட்கார்ந்ததில்லை. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாகப் படித்தேன். ஈ... ர... த்... து... ணி... யால். சார் வாட்சைப் பார்த்தார். பார்க்கட்டும். என் க... வ... ன... க்... குறைவால். அந்த வார்த்தை வந்ததும் என் காது ரெண்டும் சுட்டது. நிறுத்தவில்லை. கடைசிப் புள்ளி வரைக்கும் படித்தேன்.

"அந்த வண்டிய இப்படிக் குடு," என்றேன் அந்தப் பெண்ணிடம்.

வளையலில் எப்போதும் ரெண்டு ஊக்கு மாட்டியிருப்பேன். ஒன்றைக் கழற்றி, ஒரு குட்டி உருளைக்கும் அதன் அச்சுக்கும் நடுவே விட்டு நெம்பினேன். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. அந்தக் கடிதத்தின் மேலேயே உதிர்ந்தது. இன்னொரு உருளை. இன்னும் கொஞ்சம் மஞ்சள், நடுவே குங்குமச் சிவப்பு. நெம்பின உருளை சுற்றியது, நெம்பாதது அசையவில்லை. தாளைத் தூக்கி அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"மோந்து பாருங்கம்மா. இது துருவா? என் துணியில சோப்பு வாசனை வரும், பினாயில் வாசனை வரும். சந்தன வாசனை வருமா?"

அம்மா மோந்து பார்த்தார். சுவரோரம் இருந்து அடி அண்ணாமலைப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "ஆயாம்மா அன்னிக்கே வேணாம்னாங்க மேடம். சார்தான் பூசினாரு."

"இப்பத்தான் வாய் தொறக்குதா உனக்கு?" என்றேன். அழுதாள். அழட்டும் என்று இருந்தேன்.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, விடுங்க ஆயாம்மா. போயி வேலையப் பாருங்க."

விடுவதா? கடிதம் எழுதத் தெரிந்தவர்களுக்கு, தப்பாக எழுதிவிட்டோம் என்று சொல்ல மட்டும் வாய் வராது. நான் தாளை மடித்து இடுப்பில் செருகினேன்.

"அது எதுக்கு உங்களுக்கு?" என்றார் சார்.

"என் பேரு எழுதியிருக்குது. என்னுது."

அன்றைக்கு மூன்று பெண்களும் ஊக்கும் தேங்காயெண்ணெயுமாக உட்கார்ந்து ஒவ்வொரு உருளையாகச் சுத்தம் செய்தார்கள். இன்னொரு ஊக்கையும் நான்தான் கொடுத்தேன். அந்தக் கோபத்திலும் கொடுத்தேன். போட்டியில் வண்டி நன்றாகத் திரும்பியதாம். ஒரு கோப்பையோடு வந்தார்கள். காலைப் பிரேயரில் சார் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பெட்டியில் எக்ஸ்ட்ரா என்று எதுவும் கிடையாது, ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வேலை உண்டு என்று பேசினார். துடைப்பத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷமும் ஆயுத பூஜை வந்தது. சார் கிண்ணத்தோடு வந்தார். நான் வண்டியை நீலப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கி, மூடி மேல் மூன்று கோடு இழுத்து நடுவில் குங்குமம் வைத்தேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. சார் கிண்ணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்.

அவர் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அது அவருக்கும் தெரியும். கடிதத்தின் கீழே அதை எழுதவும் இடம் இருக்கிறது. எனக்கு அவசரம் இல்லை.