ஒன்றிலிருந்து ஏறும் பேச்சு

நைனாவுக்குப் பேச்சு போன காலையில் கோவளம் கரையில் இருந்தவர்கள் அம்மா, அம்மாவின் தம்பி ஏழுமலை மாமா, மீன் வாங்க வந்த குப்பம்மா, கட்டுமரத்தை மேலே இழுத்துக்கொண்டிருந்த எட்டுப் பத்துப் பேர். இல்லாதவன் நான். அந்த நேரம் செங்கல்பட்டில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில், கரும்பலகையில் எழுத்து சாயாமல் எழுதப் பழகிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

நைனா, என் அப்பா, ஏலக்காரர். மரம் கரையேறியதும் மீனைக் கூறு கட்டி விலை கூவுவது அவர் வேலை. விற்ற ரூபாய்க்கு ஓரணா அவருக்கு. அன்று ஒரு கூறு வஞ்சிரத்தை மூன்று ரூபாய் வரை ஏற்றியவர் அங்கேயே நின்றுவிட்டார். வாய் அசைந்தது, சத்தம் இல்லை. குப்பம்மா முதலில் சிரித்திருக்கிறாள்.

"இன்னா அண்ணாத்த, என் மூஞ்சப் பாத்து வெல மறந்து பூட்டுதா?"

அதற்குள் வாயின் ஒரு பக்கம் தொங்கிவிட்டது. வலது கால் மடிந்து மணலில் உட்கார்ந்தார்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இப்படி நேராமலிருக்க ஒன்று சொல்கிறேன். நாலு நாள் முன்பே ஒரு காலையில் அவரால் வேட்டி முடிச்சைப் போட முடியவில்லை. வலது விரல்கள் மரத்துவிட்டன என்றார். கால் மணி நேரத்தில் சரியாயிற்று, வீட்டிலும் விட்டுவிட்டார்கள். தானாக வந்து தானாகப் போகும் மரமரப்பை விட்டுவிடாதீர்கள்.

கேளம்பாக்கம் வரை மாட்டுவண்டி, அங்கிருந்து திருப்போரூர் வழியாக பஸ். செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவரைப் பார்த்தபோது மாமாவின் தோளில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். "அதான்," என்றார். மறுபடி, "அதான், அதான்." வேறு சொல் வரவில்லை.

ரத்த அழுத்தம் பார்த்தார்கள். முதுகுத் தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுத்தார்கள். அது தெளிவாக இருந்ததால் மூளைக்குள் ரத்தம் கசியவில்லை, உறைந்த ரத்தக் கட்டி ஒன்றுதான் குழாயை அடைத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். எங்கள் ஊரில் வாயு என்பது, பள்ளிப் புத்தகம் பக்கவாதம் என்பது இதுதான். பேச்சு போனதற்குத் தனியே ஒரு பெயர் சொன்னார்: அஃபேசியா (காதும் அறிவும் இருக்க, சொல் மட்டும் நழுவிப் போதல்).

"வலது கை, வலது கால், கூடவே பேச்சு. அப்படீன்னா அடைப்பு மூளையோட இடது பக்கம்," என்றார். "புத்தி போகலை. நீங்க பேசறது அவருக்குப் புரியும். செவிடர்கிட்ட மாதிரிக் கத்தாதீங்க. அவர் எதிரிலேயே அவரைப் பத்திப் பேசாதீங்க."

நாங்கள் அதுவரை இரண்டையும்தான் செய்துகொண்டிருந்தோம்.

படுக்கையில் பதினெட்டு நாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான், வேண்டாமென்றாலும் அதான். ராகத்தை வைத்து அம்மா கண்டுபிடிப்பாள். எனக்குப் பிடிபடவில்லை.

பத்தாம் நாளோ என்னவோ, மாமா துண்டுக்குள் இரண்டு புறாக்களை மறைத்து வார்டுக்குள் கொண்டுவந்தார். "சுடச்சுட ரத்தம் தேச்சா கை எழுந்துக்கும்க்கா. சதுரங்கப்பட்டணத்துல ஒர்த்தருக்கு எழுந்துச்சாம்," என்று அம்மாவிடம் கிசுகிசுத்தார். அவிழ்த்தபோது ஒன்று நழுவிப் பறந்து, நைனாவின் நெற்றியில் இறகு அடித்து, ஜன்னலில் உட்கார்ந்தது.

"போடா பேமானி!" என்றார் நைனா.

வார்டு முழுக்கக் கேட்டது. ஒரு எழுத்து குழறவில்லை. மாமா அழுதார், சிரித்தார். "என்னத் திட்டிட்டாருக்கா! மாமா என்னத் திட்டிட்டாரு!" என்று பக்கத்துப் படுக்கைக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினார். ஆனால் அடுத்து நான் பெயர் கேட்டபோது நைனா சொன்னது, அதான்.

டாக்டரிடம் ஓடினேன். அவர் வியப்படையவில்லை. "திட்டு, பாட்டு, சாமி பேர், ஒண்ணு ரெண்டு மூணு, இதையெல்லாம் நாம தேடிச் சொல்றதில்லை. பழகின தடத்துல தானா ஓடும். தேடிச் சொல்ற பேச்சு வேற தடம். அதுதான் இவருக்கு அடைபட்டிருக்கு. இந்த ஊர் ஜங்ஷன் மாதிரி, ஒரு லைன் போனாலும் இன்னொண்ணுல வண்டி ஓடும்." யுத்தத்தில் தலையில் குண்டடிபட்ட சிப்பாய்களை வைத்து வெளிநாடுகளில் இதை ஆராய்வதாகவும், அவர்களுக்குப் பேச்சைத் திரும்பப் பழக்குவதாகவும் சொன்னார். "இங்கே அதுக்குன்னு ஆள் இல்லை. நீ வாத்தியாராப் போறவன்தானே? பழக்கிப் பார்."

சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியதோடு சரி.

வீட்டுக்கு வந்தோம். பயிற்சிப் பள்ளியில் எனக்கு ஒரு மாதம் விடுப்பு. அதற்குள் திரும்பாவிட்டால் அந்த வருஷம் போய்விடும். ஊர்த் தலைவரான நாட்டாரும் ஏல உரிமையை ஒரு மாதம்தான் எங்கள் வீட்டுக்கு விட்டுவைத்திருந்தார். அதுவரை மாமா கூவுவார். பிறகும் நைனா எழவில்லை என்றால் அவர் மகன் கூவ வேண்டும், இல்லையேல் ஏலம் வேறு வீட்டுக்குப் போகும். நைனா கூவுவாரா, நான் படிப்பை விடுவதா? வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அது.

நான் சிலேட்டு வாங்கினேன். அ, ஆ எழுதி உச்சரிக்கச் சொன்னேன். அவர் வாயைக் கோணிக்கொண்டு முயன்றார், வியர்த்தது, தலையைத் திருப்பிக்கொண்டார். அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அந்த மனுசன் பொறந்ததுலேந்து பட்ச்சதில்ல. இப்ப ஏன்டா பட்ச்சாத்தான் சோறுன்ற?" எழுத்தே அறியாதவருக்கு எழுத்து வழியாகப் பேச்சைக் கொண்டுவரப் பார்த்தது என் முதல் தவறு. இரண்டாவது அதைவிடப் பெரியது.

விடுப்பு முடிய நாலு நாள் இருந்தது. நைனாவைக் கைத்தாங்கலாகக் கரைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்திருந்தோம். மாமா ஒரு கூறை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அது பழகாத வேலை. ரெண்டு ரூபாயில் தடுமாறி நின்றார். பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"ரெண்டு ரூபா, ரெண்டு ரூபா, மூணு ரூபா, மூணு ரூபா..."

நைனாதான். பழைய குரல், பழைய வேகம். கரையே கூச்சல் போட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாட்டார் என்னிடம் வந்தார்.

"நீ பட்ச்சவன். டாக்டராண்ட பேசிகீற. சொல்லு, பேச்சு வந்துட்சா, இல்லியா?"

நோட்டில் என் கையெழுத்திலேயே பதில் இருந்தது. விடுப்பு முடிய நாலு நாள்தான் என்பதும் நினைவில் இருந்தது.

"வந்துடுச்சு," என்றேன்.

மறுநாள் நைனா ஏலத்துக்கு நின்றார். பெரிய வஞ்சிரக் கூறு. ரெண்டில் தொடங்கி ஏற்றினார். ஏழு ரூபாய்க்குக் குப்பம்மா தலையசைத்தாள். மேலே கேட்க ஆளில்லை. அங்கே நின்று ஒரு தரம், ரெண்டு தரம் சொல்ல வேண்டும்.

"எட்டு ரூபா, எட்டு ரூபா, ஒம்போது ரூபா..."

"அண்ணாத்த, நா ஏழோட நின்னுட்டேன். நீ யாருக்கு ஏத்திகினு போற, கடலுக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். பத்து போனது, பதினொன்று போனது. சிரிப்பு அடங்கியது. நைனாவின் கண்கள் என்னைத் தேடின. தான் நிற்க வேண்டிய இடம் கடந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அறிவு நிற்கச் சொன்னது, வாய் நிற்கவில்லை. பதினெட்டில் மாமா ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினார்.

எங்கள் கரையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏலக்காரர் வாயால் வந்த விலைதான் விலை. வாங்க ஆளில்லை என்றால் மீதியை அவரே கட்டுமரக்காரனுக்குக் கொடுக்க வேண்டும். குப்பம்மா ஏழு ரூபாயைக் கொடுத்து மீனை எடுத்துக்கொண்டாள். பதினொரு ரூபாய் எங்கள் தலையில். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் நைனா இடது கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

நாட்டாரிடம் போய், நான் சொன்னது தப்பு, எனக்குத் தெரிந்தே சொன்னேன் என்றேன். அவர் வலை முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பட்ச்சவன்னு கேட்டேன். ஆசப்பட்டவன் பதில் சொல்லிகீறான்." அடுத்த முடிச்சைப் போட்டுவிட்டு, "கெடு கெடக்கட்டும், ஏழுமல கூவட்டும். நீ மொதல்ல ஒங்க நைனாவப் பாரு," என்றார்.

விடுப்பு முடிந்தது, நான் போகவில்லை. செங்கல்பட்டுக்குப் போய் டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். அவர் திட்டாதது இன்னும் கஷ்டமாக இருந்தது. "ஓட்டம் வந்துடுச்சு. இனி நிக்கறதைப் பழக்கு. ஓட்டத்தை வெச்சே பழக்கு," என்றார்.

வழி கண்டது அம்மா. மூன்று கிளிஞ்சலை வரிசையாக வைத்தாள். நைனா இடது விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. தொட வேறு கிளிஞ்சல் இல்லை. வாய் நாலுக்குத் துடித்தது. அம்மா அவர் மணிக்கட்டை அழுத்தினாள். நின்றது. அன்று அதற்குமேல் பழக்கவில்லை. அம்மா எழுந்து உலை வைக்கப் போய்விட்டாள். நானும் அவரும் அந்த மூன்று கிளிஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு ஐந்து, பிறகு பத்து. பிறகு கிளிஞ்சல் இல்லாமல் அழுத்தம் மட்டும். மூன்றாவது மாதத்தில் அம்மாவின் கை தேவைப்படவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் தன் இடது கையைத் தானே மடக்கிக்கொண்டார். எத்தனை இட்லி என்றால் ஒன்றிலிருந்து ஏறி நாலில் கை மூடும். சில பெயர்களும் திரும்பின. என் பெயர் வர ஆறு மாதம் ஆயிற்று. மாமாவை இன்னும் பேமானி என்றுதான் கூப்பிடுகிறார். மாமாவுக்கு அதில் குறையில்லை.

நாட்டார் சின்னக் கூறுகளை அவருக்குத் திருப்பிக் கொடுத்தார். நெத்திலி, காரப்பொடி மாதிரிப் பொடிமீன்கள், ஐந்து ரூபாய்க்குள் முடிகிறவை. பெரிய மீன் மாமாவுக்கு. கை மூடும்வரை காத்திருக்க குப்பம்மாவும் மற்றவர்களும் பழகிக்கொண்டார்கள். எனக்கு அந்த வருஷம் போயிற்று. அடுத்த வருஷம் சேர்ந்தேன்.

வலது கை முழுவதுமாகத் திரும்பவில்லை. யாரோ கொடுத்துவைத்த பொருளைப் போல அதை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். எண்களும் எங்கள் வீட்டில் மாறிவிட்டன. மூன்று பக்கத்தில் இருக்கிறது, முப்பதுக்கு நடக்க வேண்டும். மணி பன்னிரண்டு என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். நானும் இப்போதெல்லாம் யார் பேச்சையும் பாதியில் முடித்துக்கொடுப்பதில்லை. வகுப்பில் பிள்ளைகள் திக்கும்போதும் காத்திருக்கிறேன்.

கடைசியாக டாக்டரைப் பார்க்கப் போனோம். அழுத்தம் பார்த்து, சீட்டெழுதிக்கொண்டே கேட்டார்: "ஆஸ்பத்திரி இலவசம்தான். ஆனாலும் வண்டி, பஸ், பால், எல்லாமா உங்களுக்கு எவ்வளவு ஆச்சு?"

முந்தின நாள்தான் அம்மாவும் நானும், புறா, கரையில் கட்டிய பதினொன்று உட்பட எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்திருந்தோம். அப்போது நைனா பக்கத்தில் பாயில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் இடது கையை என் முழங்கால் மேல் வைத்தார்.

"ஒரு ரூபா, ரெண்டு ரூபா, மூணு ரூபா..."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பதினெட்டு வந்தபோது அம்மா என் கையைப் பிடித்தாள். பதினெட்டைக் கடந்து போனார். முப்பதில் கம்பவுண்டர் கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நாற்பது, ஐம்பது. நெற்றியில் வியர்வை, ஆனால் கண்கள் யாரையும் தேடவில்லை. அறுபத்தொண்ணு, அறுபத்திரெண்டு. என் முழங்கால் மேலிருந்த கை மெல்ல மடங்கியது.

"அறுபத்து மூணு ரூபா."