வீடு வரைக்கும் நீல அம்பு

ஆற்றங்கரைச் சைக்கிள் பாதைக்கு இருபத்திரண்டு வருடம் அம்பு போட்டவர் அவர். பூங்கா இலாகாவில் அம்புக்காரர் என்றால்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு பொழுதுபோக்காக ஓட்டுகிறவர்களுக்கென்று போட்ட பாதை அது. மூன்று பூங்காக்களுக்குள் புகுந்து, இரும்புப் பாலத்தில் ஆற்றைத் தாண்டி, எதிர்க்கரையோடு போய், கீழ்ப்பாலத்தில் திரும்பி, புறப்பட்ட பூங்கா வாசலுக்கே வந்து சேரும். பதினோரு கிலோமீட்டர் வட்டம். நூறு அடிக்கு ஒரு வெள்ளை அம்பு. மொத்தம் முந்நூற்று அறுபது. வருடம் ஒருமுறை அத்தனைக்கும் புது வெள்ளை பூச வேண்டும். தரையைக் கூட்டி, ஈரமிருந்தால் காயவிட்டு, தகர அச்சைப் படுக்கவைத்து, உருளையால் இரண்டு இழுப்பு. அது காய்கிற வரைக்கும் பக்கத்திலேயே காவல் நிற்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் நாயைக் கூட்டிக்கொண்டு வருகிற யாராவது மிதித்து, பாதை நெடுக வெள்ளைப் பாதம் பதித்துவிட்டுப் போவார்கள்.

அவருடைய அப்பாவுக்கு இரண்டு தாரம். மூத்தவள் வயிற்றில் ஒரே ஒரு பெண், அவள்தான் அக்கா. இளையவளுக்குப் பிறந்தவர் இவர். இருவருக்கும் பதினான்கு வயது இடைவெளி. இவருக்கு மூன்று வயதாகும்போது இளையவளும் போய்ச் சேர்ந்துவிட, தம்பியை இடுப்பில் தூக்கியது அக்காதான். நூல் மில்லில் வேலைக்குப் போய்க்கொண்டே அவரைப் படிக்க அனுப்பினாள். அவருக்குத்தான் எழுத்து ஏறவில்லை. "உனக்கு அம்பு மட்டும்தாண்டா எழுத வந்துச்சு" என்று பிற்காலத்தில் கேலி செய்வாள்.

அக்காவைக் கட்டியவன் அதே மில்லில் மெக்கானிக். கல்யாணமான மூன்றாம் வருடம் சாமான் வாங்கி வருகிறேன் என்று போனவன், போனவன்தான். பிள்ளை இல்லை. முப்பத்தொரு வருடம் அவள் சைக்கிளில் மில்லுக்குப் போய் வந்தாள். அந்த மில் பாதைதான் இப்போதைய பூங்காப் பாதை. மில்லை மூடி, இடித்து, புல் வளர்த்து, பெஞ்சு போட்டார்கள். புகைபோக்கி ஒன்றை மட்டும் அழகுக்காக விட்டுவைத்தார்கள்.

எழுபது தாண்டியதும் அக்காவுக்கு நினைவு தடுமாற ஆரம்பித்தது. விடியும்போதே எழுந்து, சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டு, ஷிஃப்டுக்குச் சைக்கிளில் கிளம்பிவிடுவாள். போகிற வழி அவள் காலுக்கே தெரியும். புகைபோக்கிக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், மத்தியானம் வரைக்கும். திரும்புகிற வழிதான் தெரியாது. இரண்டு தடவை போலீஸ் ஜீப்பில் வந்து இறங்கினாள்.

அப்போது அம்புக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. குழந்தைகள் குளத்துக்குப் பூசியதில் நீலம் அரை டின் மிச்சமிருந்தது. பிஸ்கட் டப்பா மூடியில் உள்ளங்கை அளவு அம்பு ஒன்று வெட்டினார். புகைபோக்கியிலிருந்து பூங்கா வாசல், மருந்துக் கடை, சலவைக் கடை, சந்து, வீட்டுப் படி வரைக்கும் நீல அம்பாகப் போட்டார்.

"அக்கா, மில் சங்கு ஊதினதும் நீலத்தப் பாத்துட்டே வா. வேற எதையும் பாக்காத."

"ஏண்டா, எனக்கு வழி தெரியாதாக்கும்!" என்றாள் அக்கா. ஆனால் நீலத்தைப் பார்த்துத்தான் வந்தாள். சங்கு ஏது? பகல் பன்னிரண்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அடிக்கிற மணியை அவள் சங்காக எடுத்துக்கொண்டாள். இரண்டு வருடம் ஒரு நாள் தவறாமல் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள்காரர்கள் கண்ணில் நீல அம்பு பட்டதுதான் வினை. புதுப் பாதை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். முதலில் இரண்டு பேர் வந்தார்கள். சந்து, அக்காவும் அம்புக்காரரும் இருந்த வீட்டு வாசலோடு முட்டி நிற்கும்.

"இங்கருந்து ரூட் எப்படிம்மா போகுது?"

"எங்க போகும்? இதான் வீடு" என்றாள் அக்கா. "எந்த ஷிஃப்ட் நீங்க? முகமே பாத்ததில்லையே. உக்காருங்க, தண்ணி தரேன்."

அவர்கள் சிரித்தபடி தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். போன கையோடு யாரோ போனில் படம் போட்டு, ரகசிய ரூட் என்று எழுதிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு பதினேழு பேர். சலவைக் கடையில் வேலை பார்க்கும் அம்புக்காரர் மனைவி, கிளாசுகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"உங்க அம்பப் பாத்துட்டு ஊரே வருது. ஒருநாள் ஆறும் திரும்பி வாசல்ல வந்து நிக்கப் போகுது பாருங்க."

மூன்றாவது ஞாயிறு சந்து முனையில், சாக்கடை மூடியில் சறுக்கி ஒரு பெண் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது. திங்கட்கிழமை மேற்பார்வையாளர் கூப்பிட்டனுப்பினார்.

"ஏன்யா, உன் வீட்ட எப்பய்யா பூங்காவா அறிவிச்சாங்க?"

"அக்காவுக்காகப் போட்டது சார்."

மேற்பார்வையாளர் பேனாவை மூடிவைத்தார். அக்காவை அவருக்கும் தெரியும். "புரியுதுய்யா. ஆனா கை ஒடிஞ்சவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணுகூட இருக்கக் கூடாது. வேற ஆள அனுப்பட்டுமா?"

"வேணாம் சார். நானே எடுத்துடறேன்."

தேய்க்கிற இயந்திரத்தை வைத்து இரண்டு நாள் தேய்த்தார். மழையில்லாத காலம்; நீலப் புழுதி எழும்பி மூக்கையும் கண்ணையும் அடைத்தது. வீட்டுப் படிக்கு முன்னால் இருந்ததைக் கடைசியாக வைத்துக்கொண்டார். அக்கா வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏண்டா அழிக்கிற?"

"பழசாயிடுச்சுக்கா."

"புதுசு எப்போ போடுவ?"

அம்புக்காரர் இயந்திரத்தை ஓடவிட்டார்.

பிறகு அக்காவின் சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். அவள் தினமும் டப்பாவோடு வந்து நின்றாள். "சாவியக் குடுடா தம்பி. பத்து நிமிஷம் தாண்டினா கேட்டச் சாத்திடுவான்டா." ஐந்தாம் நாள் கேட்பதையும் விட்டுவிட்டாள், சாப்பிடுவதையும் விட்டுவிட்டாள்.

"பூட்டி வச்சா அண்ணி உக்காந்த இடத்துலயே போயிடுவாங்க. அவுத்து விட்டா எங்கயாவது போயிடுவாங்க" என்றாள் மனைவி. "நீங்களே சொல்லுங்க, நான் எதுக்கு ஒத்துக்கட்டும்?"

ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, அம்புக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். புகைபோக்கியிலிருந்து பூங்கா வாசல் வரைக்கும் வெள்ளை அம்பு இருக்கிறது. வாசலில் தானே நின்று கூட்டிவந்துவிட்டால் தீர்ந்தது. காலையில் சங்கிலியை அவிழ்த்தார்.

"அக்கா, இனிமே நீலம் கிடையாது. வெள்ளையப் பாத்துட்டே வா. நான் வாசல்ல நிப்பேன்."

மூன்று நாள் சரியாக நடந்தது. நான்காம் நாள் கிடங்குக்கு லாரி நிறைய வழிப்பலகைகள் வந்து இறங்கின. இறக்கிவைத்துவிட்டுப் போ என்றார்கள். அவர் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றேகால்.

அக்கா பன்னிரண்டேகாலுக்கே வாசலைத் தாண்டியிருந்தாள். தம்பியைக் காணோம், அம்பு இன்னும் முன்னால் போகச் சொல்லியது. போய்விட்டாள்.

அது அம்புக்காரருக்குத் தெரியாது. இன்னும் வரவில்லை போல என்று அரை மணி நின்றார். பிறகு சாமான் பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்பினார். இருபத்திரண்டு வருடப் பழக்கம். அம்பு காட்டிய திசையிலேயே போனார். பெஞ்சுக்குப் பெஞ்சு நிறுத்தி விசாரித்தார். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "டப்பா வச்சிருந்த அம்மாவா? இப்பத்தான் போனாங்க."

ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவதிலும் இப்பத்தான் போனாங்க. முன்னால் அவளும் பின்னால் அவருமாக ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில்தான் அவருக்கு உறைத்தது. வண்டியைத் திருப்பினார். தான் போட்ட அம்புகளுக்கு எதிராக அன்றுதான் முதல்முறை போனார்.

இரும்புப் பாலத்தின் நடுவில் அக்கா எதிரே வந்தாள். சைக்கிளை ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டு வந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. டப்பா திறக்கப்படாமலே கைப்பிடியில் ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா!"

அவள் கோபிக்கவில்லை. தப்புச் செய்த குழந்தை மாதிரி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீ சொன்ன மாதிரி வெள்ளையத்தான் பாத்துட்டு வந்தேன். ஒண்ணுகூட விடலடா. ஆனா வீடு வரவே மாட்டேங்குது."

அவள் சைக்கிளைப் பாலத்துக் கம்பியில் சாத்திவிட்டு, பெயிண்ட் டின்களை ஓரமாக ஒதுக்கி, அவளைப் பெட்டியில் உட்காரவைத்து மிதித்தார். குறுக்கு வழி அதுதான் என்பதால் எதிர்த்திசையிலேயே போனார். எதிரே கூட்டமாக வந்த சைக்கிள்காரர்கள் மணியடித்துக் கத்தினார்கள்: "பெரியவரே, ராங் சைடு! தரையில அம்பு போட்டிருக்கே, கண்ணு தெரியலையா?"

அதற்குப் பிறகு அக்கா சாவி கேட்கவில்லை. டப்பாவைக் கட்டவும் இல்லை. யாராவது சைக்கிள் மணி அடித்தால் மட்டும் ஷிஃப்ட் முடிந்ததா என்று கேட்பாள். "முடிஞ்சிடுச்சுக்கா" என்பார் அம்புக்காரர். நாற்பது நாள்கூட இருக்கவில்லை.

அவள் போன மறுவாரம்தான் அந்த வருடத்தின் முதல் மழை. வேலையிலிருந்து நனைந்துகொண்டே வந்தவர் மருந்துக் கடை முன்னால் நின்றுவிட்டார். நனைந்து கறுத்த தரையில், இயந்திரம் தேய்த்த இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. அம்பு அம்பாகத் தெரிந்தன. சந்து திரும்பி வீட்டுப் படி வரைக்கும் ஒன்றுகூட விடாமல் தெரிந்தன.

மனைவி வாசலில் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"அண்ணி வழி தெரியாம சுத்தின அந்த வாரம் ஒரு மழை பெஞ்சிருக்கக் கூடாதா?" என்றாள்.