ஓரம் வெட்டிய எக்ஸ்ரே

அடையாறு ஸ்கேன் சென்டரில் என் பெயரைக் கூப்பிடவே மாட்டேன் என்கிறார்கள். உள்ளே யாரோ எக்ஸ்ரே பிலிமை உதறுகிறார்கள். அந்தச் சடசடப்பு என்னைச் சாந்தோம் வீட்டுக்கு இழுத்துப்போகிறது.

தொண்ணூறுகளில், பிசிக்ஸ் டீச்சரான அம்மா கூடத்தில் உலோகத்தைச் செதுக்கும் ஒரு சின்ன மில்லிங் மெஷின் வைத்துப் பொம்மை எஞ்சின் செய்வார். வீடே கருகிய எண்ணெயாக மணக்கும். ஒருநாள், வெட்டும் கருவியைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டின் துளை போதவில்லை. துளையைப் பெரிதாக்கும்போது காலெட்டின் பிளவுகள் நெருங்கிவிடக் கூடாதென்று, கையில் கிடைத்த பிலிமைக் கீற்றுகளாக வெட்டி அவற்றில் திணித்தார்.

மறுநாள் டாக்டரிடம் போகவேண்டிய அப்பா, தன் பழைய எக்ஸ்ரேயைத் தேடி பீரோவுக்கும் வாசலுக்குமாக அலைந்தார். கடைசியில் அது மெஷினுக்கு அடியில் கிடைத்தது.

"இன்னா ஸ்டெல்லா, ஊர்ல வேற பிலிமே இல்லியா? என் நெஞ்சுதான் கெடச்சுதா?"

"ஓரத்துலதாங்க வெட்டினேன். நடுவுல கையே வைக்கல" என்றார் அம்மா, காலெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வெட்டுப்பட்ட ஓரத்தையே வெகுநேரம் திட்டிக்கொண்டிருந்தார். நடுவைப் பார்க்கவே இல்லை.

இதோ, என் உறை வந்துவிட்டது. பிலிமை உருவி வெளிச்சத்தில் பிடிக்கிறேன். நாலு ஓரமும் முழுசாக இருக்கிறது. நடுவுக்குத்தான் கண் போகமாட்டேன் என்கிறது.