பம்ப் அறைக்குப் போன பாட்டுகள்

மாரிகுப்பம் ரயிலில் சன்னலோர இடம் கிடைப்பது அவரவர் யோகம். போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்காக பெங்களூர் கிளம்பியபோது எனக்குக் கிடைத்தது. கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறிய ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த கையோடு இரண்டு வெள்ளைக் குமிழ்களைக் காதில் செருகிக்கொண்டு தலையை ஆட்ட ஆரம்பித்தாள். நான் வேடிக்கை பார்ப்பதைக் கவனித்துவிட்டு ஒன்றைக் கழற்றி நீட்டினாள்.

"கேக்குறீங்களா ஆன்ட்டி? கொரியா பாட்டு. சக்கத்தா இருக்கும்."

"அர்த்தம் தெரியுமாம்மா?"

"அர்த்தம் யாருக்கு ஆன்ட்டி வேணும்?"

வாங்கி வைத்துக்கொண்டேன். பாட்டு என்னவோ ஓடியது, என் மனசு அதில் நிற்கவில்லை. அந்தக் குமிழ் சூடாக இருந்தது. இன்னொருத்தர் காதிலிருந்து எடுத்த உடனே நம் காதுக்கு வரும் பொருளுக்கு ஒரு வெதுவெதுப்பு உண்டு. உங்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். நானோ கல்யாணத்துக்கு முன்னால் ஐந்தாறு வருஷம் அந்த வெதுவெதுப்பில்தான் சம்பாதித்துச் சாப்பிட்டேன்.

அறுபதுகளின் பின்பாதி. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். தலையில் மாட்டும் ஹெட்போன் ஆளுக்கொன்று கிடையாது. சில நாள் ஷிப்டு முடிந்து டாரதி கழற்றுவாள், நான் மாட்டிக்கொள்வேன்; சேர்ந்து உட்காரும் நாட்களில் இருக்கிற இரண்டில் கைக்கு வந்ததை மாட்டிக்கொள்வோம். அதில் அவளுடைய ரோஜாப் பவுடர் வாசனையும் என்னுடைய தேங்காயெண்ணெய் வாசனையும் கலந்து, எங்கள் இருவருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது வாசனை ஒன்று பிறந்திருந்தது. "சைல்டு, உன் ஆயில்ல என் காது வழுக்குது!" என்பாள். டாரதி ஆங்கிலோ இந்தியப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள். தமிழ் நன்றாகத் திட்டும் அளவுக்குத் தெரியும்.

வேலை இவ்வளவுதான்: எதிரே ஒரு பெரிய மரப் பலகை, நிறைய துளைகள், ஒவ்வொரு துளைக்கு மேலும் சின்னதாக ஒரு பித்தளை மூடி. யாராவது கூப்பிட்டால் அந்த மூடி டக்கென்று விழும். கயிறு மாதிரி வயரைச் செருகி, என்ன வேண்டும் என்று கேட்டு, இன்னொரு துளையில் செருகி, கைப்பிடியைச் சுற்றி மணி அடிக்கவைக்க வேண்டும். ஆபீசுகள், ஆஸ்பத்திரி, துரைமார் பங்களாக்கள், க்ளப் எல்லாம் அந்தப் பலகையில் இருந்தன. பூமிக்குள்ளே அடுக்கடுக்காகப் போகும் லெவல்களில் சிலவும் இருந்தன. கீழ் வரிசையில் ஓரமாக ஒரு துளை. அதுதான் ஏகாம்பரம் அண்ணன்.

அவர் ஆழத்து லெவல் ஒன்றில் பம்ப் பார்த்துக்கொள்பவர். ஊற்றுத் தண்ணீரை மேலே தள்ளும் பம்ப். அது நின்றால் லெவலே மூழ்கும் என்பதால் ஒரு ஆள் ஷிப்டு முழுக்கக் கூடவே இருக்க வேண்டும், தனியாக. கோவணமும் தொப்பியும் தவிர வேறெதுவும் உடம்பில் தங்காத வெக்கை என்று சொல்வார். அவ்வப்போது தண்ணீர் நிலவரத்தை மேலே சொல்ல எங்கள் மூலமாகத்தான் கூப்பிடுவார். அவர் முகத்தை நானோ டாரதியோ பார்த்தது கிடையாது. குரல்தான். பாறைக்குள்ளிருந்து வருவதாலோ என்னவோ, கொஞ்சம் ஈரமான குரல்.

ஒரு நாள் மத்தியானம் பலகை சும்மா இருந்த நேரத்தில் நான் பாட்டுக்கு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய துளையிலிருந்து வயரை உருவ மறந்துவிட்டிருக்கிறேன். திடீரென்று காதுக்குள், "இன்னா தங்கச்சி, நிறுத்திட்ட? பாடு. இங்க பம்பு சத்தத்தத் தவிர ஒரு நாதி கெடையாது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாரதி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஹெட்போனைப் பிடுங்கி, கிறிஸ்துமஸ் டான்சில் பாடும் இங்கிலீஷ் பாட்டு ஒன்றை அவருக்கு முழுசாகப் பாடிக் காட்டினாள்.

அப்படி ஆரம்பித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் எங்கள் சூப்பர்வைசர் அம்மாள் நாற்காலியிலேயே கண்ணயர்வாள். அந்த நேரம்தான் எங்கள் கச்சேரி. பாட்டு சேகரிப்பது எங்களுக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி போனில் உட்காரும் கேரளத்து நர்ஸ் ஒருத்தி தாலாட்டுகள் கொடுப்பாள். கேட்டில் காவல் நிற்கும் பஞ்சாபிக்காரர், ஆள் இல்லாத நேரத்தில் போனுக்குள் அப்படியொரு கத்து கத்துவார். அதுவும் பாட்டுதான் என்று பிற்பாடு தெரிந்தது. சனிக்கிழமைகளில் க்ளப்பில் யாரோ பியானோ பழகும்போது அங்கிருக்கும் பட்லர் போனை எடுத்துப் பியானோ மேலேயே வைத்துவிடுவார். நாங்கள் அதை அப்படியே ஏகாம்பரம் அண்ணன் துளையில் செருகிவிடுவோம். துரைமார் ஆடும் பாட்டு அத்தனை பாறையையும் தாண்டி இறங்கிப்போய், கோவணம் கட்டிய ஒரு மனிதர் காதில் விழும்.

கேட்டுவிட்டுச் சொல்வார். "இந்தப் பாட்டுல யாரோ படி ஏறிகினே கீறாங்க தங்கச்சி. மாடிதான் வர மாட்டேங்குது."

டாரதி அதை மொழிபெயர்த்து க்ளப் பட்லரிடம் சொல்ல, பட்லர் பியானோக்காரியிடம் சொன்னாரோ இல்லையோ, நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம். அதற்கப்புறம் அந்த மாதிரி வால்ட்ஸ் ஆட்டப் பாட்டு எதைக் கேட்டாலும் எனக்கும் படிக்கட்டுதான் தெரிகிறது.

என் சங்கீத ஞானத்தையும் சொல்லியாக வேண்டும். ரேடியோவில் கேட்ட ஓர் இந்திப் பாட்டின் ராகம் உருக்கமாக இருந்ததால், சரஸ்வதி பூஜையன்று வீட்டில் அதைக் கண்ணை மூடிப் பாடினேன். அம்மா கற்பூரம் காட்டினாள். மறு வாரம் அதே பாட்டை ஏகாம்பரம் அண்ணனுக்குப் பாடிக்கொண்டிருந்தபோது, வடக்கத்திக் குமாஸ்தா ஒருவர் கதவருகில் நின்று கேட்டுவிட்டு, அது சாராயக் கடையைவிட்டு வர மனசில்லாதவன் பாடுவது என்றார். கீழிருந்து அண்ணன், "அதான் நம்ம சாமிக்குப் புடிச்சிருக்கும், விடு" என்று சமாதானம் சொன்னார்.

அவரும் வாங்கிக்கொள்பவர் மட்டுமில்லை. தெலுங்கு பேசும் குப்பம் ஊர்ப் பக்கத்துப் பெண்ணைக் கட்டியவர். மனைவி ராஜம்மாவிடம் கற்ற தெலுங்கு நாற்றுநடவுப் பாட்டுகள், பேத்தமங்களாவிலிருந்து வரும் கூட்டாளி சொல்லிக்கொடுத்த கன்னடப் பாட்டு, ஞாயிற்றுக்கிழமை பௌத்த விகாரையில் பாடும் பாலி மொழிப் பாட்டு எல்லாம் அவரிடம் இருந்தன. தானே கட்டியதும் உண்டு. "மேலே மழையா மகராசி, கீழே எனக்கு மேகமில்லே" என்று ஒன்று. மேலே மழை பெய்கிறதா என்று கேட்க வேண்டுமென்றால் அதைத்தான் பாடுவார். நான் சன்னலை எட்டிப் பார்த்துப் பதில் சொல்வேன். டாரதி அவருடைய தெலுங்கு நடவுப் பாட்டு ஒன்றை அவளுடைய கிறிஸ்துமஸ் விருந்தில் கவுன் போட்டுக்கொண்டு பாடினாள். எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த மத்தியானமும் எல்லா மத்தியானம் மாதிரிதான் இருந்தது. நர்ஸ் கொடுத்த தாலாட்டை அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். முதலடியை அவர் பிடித்துவிட்டார். இரண்டாவது அடியில் குரலை ஒரு இடத்தில் இறக்க வேண்டும். அது அவருக்கு வரவில்லை. "அந்த எறக்கத்த மறுபடி பாடு" என்றார். பாடினேன். பாதியில் தரை நடுங்கியது.

ஆழத்தில் பாறை தன்மேல் இருக்கும் பாரம் தாங்காமல் தானாகவே வெடிக்கும். ராக் பர்ஸ்ட் என்போம். மேலே வீடுகளில் பாத்திரம் உருளும். எங்கள் ஊர்க் குழந்தைகள் அதற்கு அழக்கூட மாட்டார்கள். பெண்கள் மட்டும் அடுப்பை விட்டு எழுந்துவந்து ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் இருக்கும் திசையைப் பார்ப்பார்கள்.

அன்றைக்குப் பலகையிலிருந்த அத்தனை பித்தளை மூடிகளும் ஒரே சமயத்தில் விழுந்தன. யாரும் கூப்பிடவில்லை, அதிர்ச்சியில் விழுந்தவை அவை. என் காதில் எதுவும் கேட்கவில்லை. பம்ப் சத்தம் இல்லை. இரைச்சல்கூட இல்லை.

"அண்ணா" என்றேன். "ஏகாம்பரண்ணா."

அதற்குள் மூடிகள் நிஜமாகவே விழ ஆரம்பித்துவிட்டன. மேனேஜர், ஆஸ்பத்திரி, மீட்புப் படை, எல்லாத் துளைகளும். இந்த வேலையில் அழுதுகொண்டே வயரைச் செருகலாம், செருகாமல் இருக்க முடியாது. தொழிலாளர் லைன்வீடுகள் பக்கத்துக் கடைப் போனிலிருந்து பெண் குரல்கள். "எந்த லெவலும்மா? ஆளுங்க ஏறிட்டாங்களா?" எங்களுக்கே தெரியாது. தெரிந்தாலும் சொல்ல உத்தரவு இல்லை. "ஆபீசுக்குக் குடுக்கிறேன்" என்பேன். ஆபீசில் எடுக்க மாட்டார்கள். மறுபடியும் அதே குரல் வரும். எல்லாருடைய பேச்சும் எங்கள் காது வழியாகத்தான் போனது. எங்களால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை. இடையிடையே டாரதி அந்த ஓரத் துளையில் செருகிக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை ராஜம்மா வந்தாள். ஒல்லியான பெண், மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. ஷாஃப்ட் வாசலில் கூட்டத்தோடு நின்று பார்த்துவிட்டு, கேட்டுக் கேட்டு எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறாள்.

"பாட்டுக்கார அம்மா நீங்கதானே?" என்றாள். "ஒரே ஒரு தபா கூப்பிடுங்கம்மா. நான் கூப்ட்டா எடுக்க மாட்டாரு. நீங்க பாட்டுன்னு கூப்ட்டா எடுத்துடுவாரு."

"லைன் அறுந்துபோச்சுக்கா" என்றேன்.

"பரவால்ல. கூப்பிடுங்க."

டாரதி தன் ஹெட்போனைக் கழற்றி ராஜம்மா தலையில் மாட்டிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினாள். ராஜம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நெடுநேரம் கேட்டாள். சூப்பர்வைசர் அம்மாள் கிட்டே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

"தண்ணி ஓடற சத்தம் மாதிரி இன்னாவோ கேக்குது" என்றாள் ராஜம்மா. "பம்பு ஓடுதுன்னு அர்த்தம். அப்ப அவரு கீறாரு."

அது பக்கத்து வயரின் இரைச்சல். நாங்கள் இருவரும் சொல்லவில்லை.

அதற்கு மறுநாள் வேறொரு ஷாஃப்ட் வழியாகச் சுற்றிப் போய் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். சிலரைப் போர்த்திக் கொண்டுவந்தார்கள். ஏகாம்பரம் அண்ணன் உயிரோடு வந்தார் என்ற செய்தி எங்கள் பலகை வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனது. ஒட்டுக்கேட்கக் கூடாதென்ற விதியை விட்டுவிட்டு இருவரும் கேட்டோம். டாரதி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள், எனக்கும் சேர்த்துப் போட்டாள்.

சில வாரம் கழித்து ராஜம்மா அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இத்தனை வருஷமாக என் மனசில் மீசை வைத்த வாட்டசாட்டமான ஆள் ஒருவர் இருந்தார். வந்தவர் குள்ளமாக, தலையெல்லாம் நரைத்து, சலவைச் சட்டையில் கூச்சத்தோடு நின்றார். எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல யாரு தங்கச்சி, யாரு டார்த்தி?" என்று கத்தினார்.

நான் சிரித்தபடி, "குரல வெச்சுக் கண்டுபிடிங்கண்ணா" என்றேன். ராஜம்மா என் கையைத் தொட்டாள். "காது ரெண்டும் போயிருச்சும்மா. அந்த வெடியிலயே போயிருச்சு. ஒண்ணுமே கேக்கறதில்ல."

நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது.

"அன்னிக்கி ரெண்டாவது அடியில நின்னுபோச்சே தங்கச்சி. கீழ படுத்துகினு அதேதான் ரோசன. எறக்கத்துக்கு அப்பறம் இன்னா வரும்? மிச்சத்தப் பாடு."

ராஜம்மாவைப் பார்த்தேன். "பாடுங்கம்மா. வாயப் பாத்துகினாவது இருக்கட்டும்" என்றாள்.

பாடினேன். பலகையில் மூடிகள் விழுந்துகொண்டிருந்தன, டாரதி இரண்டு கையாலும் சமாளித்தாள். அவர் கண் கொட்டாமல் என் வாயையே பார்த்தார். முடித்தேன். முடிந்தது அவருக்குத் தெரியவில்லை. அடுத்த அடிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நான் கையைக் கூப்பினேன்.

"நல்லாத்தான் கீது" என்றார் மரியாதைக்கு. பிறகு, அவர் முறை என்பதுபோல, அந்த மழைப் பாட்டை எடுத்தார். ஒரு சுரம்கூட அதன் இடத்தில் நிற்கவில்லை. தன் குரல் தனக்கே கேட்காதவர் என்ன செய்வார்? டாரதி என் பக்கம் திரும்பாமல் வயரைச் செருகிக்கொண்டே இருந்தாள். பாடி முடித்ததும் நாங்கள் கைதட்டினோம். அது அவருக்குத் தெரிந்தது, சந்தோஷப்பட்டார்.

கொஞ்ச நாள் அவருக்கு மேலேயே, ஆட்களின் தலைவிளக்கு வைக்கும் அறையில் பெருக்குகிற வேலை கொடுத்தார்கள். அப்புறம் மனைவியின் ஊருக்கே போய்விட்டார்கள். டாரதி குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. எக்ஸ்சேஞ்சுக்கு ஆள் வேண்டாத இயந்திரம் வந்தது. எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பாட்டு என்றால் ரேடியோ என்று ஆகிவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் ஆண்டர்சன்பேட்டை சந்தையில் ராஜம்மாவைப் பார்த்தேன். புளி விற்க வந்திருந்தாள். அண்ணன் இறந்து ஒரு மழைக்காலம் போயிருந்தது. "கடைசி வரிக்கும் பாடிகினேதான் இருந்தாரு. இங்கிலீசு, மலையாளம், எங்க நடவுப் பாட்டு எல்லாத்தையும் போட்டுக் கலக்கி ஒண்ணு பாடுவாரு. கேட்டுக் கேட்டு எங்க ஊருப் பொம்பளைங்க அத்தத்தான் இப்ப நடவுக்குப் பாடறாங்க" என்றாள்.

பாடிக் காட்டச் சொன்னேன். சந்தையில் வெட்கப்பட்டாள். பிறகு தலையில் முக்காடு இழுத்துக்கொண்டு, என் காதோரம் குனிந்து நாலு வரி பாடினாள். எவ்வளவு முயன்றும் எனக்குப் பிடிபடவில்லை. நாங்கள் அனுப்பிய பாட்டா, அவரே கட்டியதா, எது எதனோடு கலந்தது, ஒன்றும் தெரியவில்லை. தெரிந்துகொண்ட மாதிரி தலையாட்டிவிட்டு, புளி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ராஜம்மாவை அதற்கப்புறம் பார்க்கவில்லை. டாரதி ஆஸ்திரேலியாவிலேயே அடக்கமாகிவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். சுரங்கத்தை மூடியபின் பம்புகளை நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் லெவல் லெவலாக ஏறி, அண்ணனின் பம்ப் அறையும் எப்போதோ முழுகியிருக்கும். குப்பம் பக்கம் இப்போது நடவுக்கு மெஷின் வருகிறதாம். அந்த நாலு வரி மட்டும் அரைகுறையாக எனக்கு நினைவிருக்கிறது. எந்தப் பாட்டு அது என்று யாரைக் கேட்பேன்?