ஜெஸி வாங்கிய எழுபத்தெட்டு

திருப்பரங்குன்றத்தில் லாசர் சாரைத் தெரியாதவர்கள் குறைவு. மிஷன் பள்ளிக் கணக்கு வாத்தியார். வீட்டில் ஒரே பெண் ஜெஸி. அவளுக்கு எத்தனை மார்க் குறைகிறதோ அத்தனை பிரம்படி. எண்ணிக்கையை அவளே உரக்கச் சொல்ல வேண்டும். தடுமாறினால் மறுபடி ஒன்றிலிருந்து.

பிளஸ் டூ கணக்குத் தேர்வுக்கு முந்தின நாள், மாதிரித் தாளில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டாள். பிரம்பைத் தடுக்க வலது கையை நீட்டினாள். கையைப் பிடித்து அவர் முறுக்கியதில் மணிக்கட்டு மளுக்கென்றது. மாவுக்கட்டோடு போய் எழுதினாள். வலியில் பேனா நகரவில்லை. எழுபத்தெட்டு வந்தது. அந்தக் கோடை முழுக்க லாசர் சார் அவளிடம் பேசவில்லை. அவள் நிம்மதியாகத் தூங்கியது அந்தக் கோடையில்தான்.

மதுரையில் பி.காம். முடித்தாள். எம்.பி.ஏ. நுழைவுக்கான கேட் தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் எடுத்து, வடக்கே பெரிய நிர்வாகக் கல்லூரியில் சேர்ந்தாள். அங்கே எல்லோருக்கும் பிரைவேட் ஈக்விட்டி நிறுவனங்கள்மேல் கண். பணம் படைத்தவர்களிடம் முதல் திரட்டி, கம்பெனிகளை வாங்கி, வளர்த்து விற்கிறவர்கள் அவர்கள். ஓரிருவரைத்தான் எடுப்பார்கள்.

ஜெஸிக்கு அழைப்பே வரவில்லை. அறைத்தோழி பவதாரிணிக்கு வந்தபடி இருந்தது.

"கேட்ல என்னைவிட நீதான்டி கூட. ஆனா ஸ்கூல் மார்க்கையும் பாக்குறாங்க. கணக்குல தொண்ணூறுக்குக் கீழன்னா பேரைப் படிக்கக்கூட மாட்டாங்க," என்றாள் பவதாரிணி.

கடைசியில் ஒரு மும்பை நிறுவனம் கூப்பிட்டது. "மார்க் ஏன் குறைஞ்சதுன்னு கேட்டா டைபாய்டுன்னு சொல்லு," என்று சொல்லி அனுப்பினாள் பவதாரிணி.

கேட்டார்கள். "பத்தாவதில் நூறு. பிளஸ் டூவில் எழுபத்தெட்டு. என்ன ஆயிற்று?"

டைபாய்டு என்று சொல்லத்தான் ஜெஸி வாயைத் திறந்தாள். "எங்கப்பா என் கையை ஒடிச்சிட்டார்," என்று வந்துவிட்டது.

எதிரே இருந்த இருவரும் மேசையைப் பார்த்தார்கள். ஒருவர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். அடுத்த கேள்வி வட்டி விகிதத்தைப் பற்றி. அவளால் கோவையாகப் பேச முடியவில்லை. வேலை பவதாரிணிக்குப் போனது.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தவளைச் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை லாசர் சார்.

"மும்பை வேலை எதுல போச்சு?"

"பிளஸ் டூ கணக்குல."

"அன்னைக்கே சொன்னேன்ல? அம்புட்டு அடிச்சும் உறைக்கலையே உனக்கு!" பிரம்பு அவர் கைக்கு வந்துவிட்டது. வளர்ந்த பெண் என்றும் பார்க்கவில்லை. முதல் அடி தோளில் விழுந்தது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மா பிலோமினாள் குறுக்கே நின்றாள். அவர் விட்ட அறையில் சுவரில் மோதிச் சரிந்தாள். காதிலிருந்து ரத்தம் வழிந்தது.

ஜெஸி பிரம்பைப் பிடுங்கினாள். முதலில் அவர் முழங்கையில், பிறகு முதுகில், பிறகு எங்கே விழுகிறது என்று பார்க்காமல் அடித்தாள். மூக்குக்கண்ணாடி நொறுங்கியது. அவர் நாற்காலிக்கடியில் சுருண்டுகொண்டார்.

"போதும்டி... செத்துருவாரு, போதும்!" என்று பிலோமினாள் அவள் காலைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் தன் குரல் ஜெஸியின் காதில் விழுந்தது. "பதினொண்ணு, பன்னெண்டு" என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். பிரம்பைப் போட்டுவிட்டு முற்றத்தில் போய் வாந்தி எடுத்தாள்.

ஷேர் ஆட்டோவில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். "வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிருவோம்டி," என்றாள் பிலோமினாள். "இல்லம்மா, அப்பா அடிச்சார்னு சொல்வோம். நான் அவரை அடிச்சதையும் சொல்லிர்றேன்." ஆஸ்பத்திரி வாசலில் இருந்த போலீஸ் அவுட்போஸ்டில் இரண்டையும் சொன்னாள்.

லாசர் சார் எதிர்ப்புகார் கொடுக்கவில்லை. பெற்ற மகள் அடித்தாள் என்று எழுதித்தர அவரால் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குச் செவிப்பறை கிழிந்திருப்பதாகச் சொன்னார்கள்.

படிப்பை முடித்த ஜெஸிக்குக் கோயம்புத்தூரில் ஒரு சின்ன முதலீட்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அங்கேயும் மார்க் ஷீட்டைக் கேட்டார்கள்; கொடுத்தாள். சம்பளம் பவதாரிணியுடையதில் கால்வாசி. அம்மாவைத் தன்னோடு கூட்டிப் போய்விட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு லாசர் சார் போன் செய்தார். பிலோமினாள்தான் எடுத்தாள்.

"எப்ப வாரீங்க ரெண்டு பேரும்?"

"நாங்க வரல," என்றாள் அவள். "நீங்களும் வராதீங்க."

போனை வைத்துவிட்டு, கொதித்துக்கொண்டிருந்த குழம்பை இறக்கப் போனாள்.